அலெக்ஸ் இங்கிலிஷின் பெயர் எங்கே? என்.பி.ஏ.வுக்கு ஒரு திறந்த மடல்

அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து லீகான என்.பி.ஏ.வின் ஆணையர் ஆடம் சில்வர் அவர்களுக்கும், மிகச் சிறந்த வீரர்கள் பட்டியலுக்கு வாக்களித்த குழுவினருக்கும், இனி வாக்களிக்கப்போகும் குழுவினருக்கும்,

வணக்கம்.

1996 அக்டோபர் மாதக் கடைசியில், லீகின் ஐம்பதாவது ஆண்டை ஒட்டி, வரலாற்றின் ஐம்பது சிறந்த வீரர்கள் என்று ஒரு பட்டியலை வெளியிட்டீர்கள். அன்றைய தேதியில் உங்கள் ஆவணங்களுக்குள்ளேயே இன்னொரு பட்டியலும் இருந்தது. அதற்கு யாரும் வாக்களிக்க வேண்டிய தேவை இல்லை. என்.பி.ஏ. தொடங்கிய நாள் முதல் அதுவரை அதிகப் புள்ளிகள் எடுத்தவர்களின் வரிசை அது. முன்பு போட்டியாக இருந்த ஏ.பி.ஏ. லீகில் எடுத்த புள்ளிகளைச் சேர்க்காமல் பார்த்தால் முதல் பத்துப் பேர் இவர்கள்: கரீம் அப்துல்-ஜப்பார், வில்ட் சேம்பர்லின், மோசஸ் மலோன், எல்வின் ஹேஸ், ஆஸ்கார் ராபர்ட்சன், ஜான் ஹாவ்லிசெக், அலெக்ஸ் இங்கிலிஷ், டொமினிக் வில்கின்ஸ், ஜெரி வெஸ்ட், மைக்கேல் ஜோர்டன்.

இந்தப் பத்துப் பேரில் எட்டுப் பேர் உங்கள் ஐம்பதுக்குள் இருந்தார்கள். ஏழாம் இடத்தில் இருந்தவரும் எட்டாம் இடத்தில் இருந்தவரும் இல்லை. 2021இல் எழுபத்தைந்தாவது ஆண்டுக்காகப் பட்டியலை விரித்தபோது டொமினிக்கைச் சேர்த்துக்கொண்டீர்கள். நல்லது, அது அவருக்கு உரிய இடம். ஆனால் அவருக்கு ஒரு படி மேலே நின்ற மனிதர் அப்போதும் வெளியேதான் நின்றார். அன்றைய முதல் பத்துப் பேரில் இன்றுவரை உங்கள் பட்டியலில் இடம்பெறாத ஒரே ஒருவர் அலெக்ஸ் இங்கிலிஷ். அவருக்காகத்தான் இந்த மடல்.

ஆங்கிலத்தில் எழுதாமல் தமிழில் எழுதுவதற்குக் காரணம் உண்டு. உங்கள் ஆட்டத்தைத் தமிழில் பேசி, தமிழில் சண்டையிட்டு, தமிழில் கொண்டாடுகிறவர்கள் இருக்கிறோம். இந்த மடலை முதலில் படிக்க வேண்டியவர்கள் அவர்கள்தான். அலெக்ஸ் இங்கிலிஷ் என்றால் யார் என்று அவர்களில் பலரும் கேட்கக்கூடும். அப்படிக் கேட்கும் நிலை வந்ததில் உங்கள் இரண்டு பட்டியல்களுக்கும் பங்கு உண்டு என்பது என் குற்றச்சாட்டு.

அவரை நான் முதலில் சந்தித்தது ஆட்டக் காட்சியில் இல்லை, ஓர் அட்டவணையில். பழைய சீசன்களின் புள்ளிக்கணக்குகளை வரிசையாகப் படித்துக்கொண்டு போனபோது ஒரு பெயர் திரும்பத் திரும்ப வந்தது. 1981-82இல் 2,082. அடுத்த ஆண்டு 2,326. அதற்கடுத்து 2,167, 2,262, 2,414, 2,345. 1987-88இல் சரியாக 2,000, ஒன்று கூடவும் இல்லை, குறையவும் இல்லை. 1988-89இல் 2,175. தொடர்ந்து எட்டு சீசன்களில் இரண்டாயிரத்துக்குக் குறையாத புள்ளிகள். என்.பி.ஏ.வில் அதை முதலில் செய்தவர் இவர். ஒரே ஆட்டத்தில் நூறு புள்ளி எடுத்த வில்ட் சேம்பர்லினின் தொடர்கூட ஏழு சீசன்களில் நின்றது. அந்த எட்டு வரிகளை விரலால் தொட்டுத் தொட்டுக் கூட்டிப் பார்த்தேன்: 17,771. இத்தனை புள்ளிகளை ஒருவர் தன் வாழ்நாள் முழுவதும் ஆடி எடுத்தாலே பெரிய ஆட்டக்காரர் என்போம். இவர் எட்டே ஆண்டுகளில் எடுத்தார்.

அந்த அட்டவணைக்குப் பின்னால் இருக்கும் மனிதரைப் பற்றிச் சொல்கிறேன்.

1954 ஜனவரி 5 அன்று தென் கரோலினா மாநிலத்தின் கொலம்பியா நகரில் பிறந்தவர். அதே ஊரில் இருக்கும் தென் கரோலினா பல்கலைக்கழகத்துக்காக 1972 முதல் நான்கு ஆண்டுகள் ஆடினார். அங்கே அவர் எடுத்த மொத்தப் புள்ளிகள் 1,972. சேர்ந்த ஆண்டும் எடுத்த புள்ளிகளும் ஒரே எண்ணாக அமைந்தது தற்செயல்தான், ஆனாலும் எனக்கு அது மறப்பதே இல்லை. அவ்வளவு எடுத்தும், புதிய வீரர்களை அணிகள் முறைவைத்து எடுத்துக்கொள்ளும் 1976 வீரர் தேர்வில் முதல் சுற்றில் யாரும் அவரைத் தொடவில்லை. இரண்டாம் சுற்றில், 23ஆவது ஆளாக, மில்வாக்கி பக்ஸ் எடுத்துக்கொண்டது. மெலிந்த உடல், ஏறத்தாழ இரண்டு மீட்டர் உயரம், சத்தம் போடாத குணம். முதல் ஆண்டில் சராசரி 5.2 புள்ளிகள். அடுத்த ஆண்டு 9.6. அங்கிருந்து இந்தியானா பேசர்ஸ் அணிக்குப் போனார். அங்கே முழுதாக ஆடிய ஒரே சீசனில் சராசரி 16 புள்ளிகள் எடுத்தார்.

பிறகு 1980 பிப்ரவரியில் அந்த மாற்றம் நடந்தது. இந்தியானா தன் பழைய நட்சத்திரம் ஜார்ஜ் மெகின்னிஸைத் திரும்ப அழைத்துக்கொள்ள ஆசைப்பட்டது. அவருக்கு ஈடாக அலெக்ஸையும் ஒரு முதல் சுற்றுத் தேர்வு உரிமையையும் சேர்த்து டென்வர் நக்கெட்ஸுக்குக் கொடுத்தது. மெகின்னிஸ் தன் காலத்தில் பெரிய ஆட்டக்காரர். அவரைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அவர் 1982இல் ஓய்வு பெற்றுவிட்டார். அலெக்ஸ் டென்வருக்காக 21,645 புள்ளிகள் எடுத்தார். அந்த அணியின் வரலாற்றில் வேறு யாரும் இவ்வளவு எடுத்ததில்லை.

அவருடைய டென்வர் ஆண்டுகளில் நான் அதிகம் வியப்பது புள்ளிகளைக்கூட அல்ல. 1980-81 முதல் 1989-90 வரை பத்து சீசன்கள், 820 ஆட்டங்கள். அவற்றில் அவர் ஆடியவை 813. பத்து ஆண்டுகளில் ஏழே ஏழு ஆட்டங்களுக்குத்தான் அவர் இல்லை. கடல் மட்டத்திலிருந்து ஆயிரத்து அறுநூறு மீட்டர் உயரத்தில், காற்று மெலிந்திருக்கும் ஓர் ஊரில், லீகிலேயே மிக வேகமாக ஓடிய அணியில் இப்படி ஆடியிருக்கிறார். இன்று முன்னணி வீரர்களுக்கு அவ்வப்போது ஓய்வு கொடுப்பது வழக்கமாகிவிட்ட நிலையில், டிக்கெட் வாங்கியவர்களை ஏமாற்றக்கூடாது என்று நீங்களே விதிகள் போட வேண்டியிருக்கிறது. அந்த விதிகளை எழுதும்போது யாராவது இந்த 813 என்ற எண்ணை எடுத்துச் சொன்னார்களா?

அந்தப் பத்து சீசன்களில் அவர் எடுத்தது 21,133 புள்ளிகள். லாரி பேர்ட், மோசஸ் மலோன், ஏட்ரியன் டான்ட்லி, டொமினிக், மேஜிக் ஜான்சன் என்று எண்பதுகளின் எந்தப் பெயரை வேண்டுமானாலும் எடுத்து வையுங்கள். அந்தப் பத்தாண்டின் புள்ளிக்கணக்கில் முதலிடம் அலெக்ஸுக்குத்தான். லீக் தன் பொற்காலம் என்று பெருமையோடு சொல்லும் காலம் எண்பதுகள். அந்தக் காலத்தில் எல்லோரையும்விட அதிகப் புள்ளி எடுத்தவர் ஐம்பதிலும் இல்லை, எழுபத்தைந்திலும் இல்லை. இதை எந்த மொழியில் சொன்னாலும் காதில் சரியாக ஒலிக்கவில்லை.

1982-83 சீசனைத் தனியாகச் சொல்ல வேண்டும். அவ்வாண்டு சராசரி 28.4 புள்ளிகளோடு புள்ளிப் பட்டத்தை வென்றார். இரண்டாம் இடத்தில் 26.7 சராசரியோடு வந்தவர் அவருடைய அணித்தோழர் கீக்கி வான்டவெகி. அதே அணியில் டான் இஸ்ஸல் 21.6 எடுத்தார். ஒரு பந்தை மூன்று பேர் இப்படிப் பகிர்ந்துகொண்டு, அதில் ஒருவர் லீகிலேயே முதலாவதாக வருவது எவ்வளவு அரிது என்பது கூடைப்பந்து ஆடிய யாருக்கும் தெரியும். பந்தைக் கையில் வைத்துக்கொண்டு மற்றவர்களை ஒதுங்கச் சொல்லி எடுத்த புள்ளிகள் அல்ல இவை.

மூன்று ஆண்டுகள் கழித்து, 1985-86இல், இன்னும் அதிகமாக எடுத்தார். மொத்தம் 2,414 புள்ளிகள், லீகில் யாரும் அவ்வளவு எடுக்கவில்லை. ஆனால் பட்டம் சராசரியை வைத்துக் கொடுக்கப்படுகிறது. டொமினிக் சில ஆட்டங்கள் குறைவாக ஆடி 30.3 சராசரி வைத்திருந்தார். 81 ஆட்டங்கள் ஆடிய அலெக்ஸுக்கு 29.8. அரைப் புள்ளி வித்தியாசத்தில் பட்டம் போனது. விதி விதிதான், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனாலும் இவருடைய வாழ்க்கை முழுக்க இப்படித்தான் நடந்திருக்கிறது: அதிகம் எடுத்தவராக இருப்பார், பெயர் மட்டும் பக்கத்தில் இருக்கும் இன்னொருவருக்குப் போய்விடும்.

அவர் ஆடிய விதத்தைப் பழைய ஒளிப்பதிவுகளில் பார்த்து மலைத்துப்போயிருக்கிறேன். பார்க்க வேண்டும் என்று தேடித்தான் போக வேண்டும். அது தானாக நம் முன் வந்து விழாது. காரணம், அதில் துண்டு துண்டாக வெட்டிக் காட்டத்தக்க வித்தை குறைவு. வளையம் அதிர அவர் டங்க் அடிக்கும் காட்சிகளை அதிகம் பார்க்க முடியாது. மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியே நின்று எறிவது மிக அரிது. கையில் பந்து இல்லாதபோதுதான் அவர் ஆட்டமே தொடங்கும். ஒரு தோழர் நிற்கும் தடுப்பைச் சுற்றி வளைந்து, எல்லைக்கோட்டை ஒட்டி நழுவி, காவலருக்கு அரை அடி முன்னால் வந்து சேர்ந்திருப்பார். பந்து கைக்கு வந்ததும் தலைக்கு மேலே, கை முழுதும் நீட்டிய உயரத்தில் இருந்து அந்த ஜம்ப் ஷாட் கிளம்பும். தடுக்க எழும்பியவரின் விரல்கள் அதன் அருகில்கூட எட்டாது. ஒரு ஆட்டத்தின் முதல் காலாண்டு முடியும்போது யார் எவ்வளவு எடுத்தார்கள் என்று பார்த்தால், இவர் பத்துப் பன்னிரண்டு எடுத்திருப்பார். எப்போது எடுத்தார் என்பது நினைவில் இருக்காது. ஒல்லியான உடலுக்காகவும் இந்த வழுக்கலுக்காகவும் கத்தியின் அலகு என்ற பொருளில் ‘தி பிளேட்’ என்று அவரை அழைத்ததாகச் சொல்வார்கள். பொருத்தமான பெயர். வெட்டியது தெரியாது, பிறகுதான் எரியும்.

கணக்கும் இதையே சொல்கிறது. அவருடைய 25,613 புள்ளிகளைப் பிரித்துப் பாருங்கள். போட்ட கூடைகள் 10,659. அவற்றில் மூன்று புள்ளிக் கூடைகள் வெறும் 18. எதிரணியின் தவறுக்காகக் கிடைக்கும் ஃப்ரீ த்ரோவில் வந்தவை 4,277, அதாவது மொத்தத்தில் ஆறில் ஒரு பங்கு. மற்றவை எல்லாம் ஓடி, நழுவி, எம்பி, இரண்டிரண்டாகச் சேர்த்தவை. எறிந்த 21,036 முறைகளில் பாதிக்கு மேல், 50.7 விழுக்காடு, உள்ளே போயின. வளையத்துக்கு அடியில் நின்று போடும் உயரமான சென்டர் வீரருக்கு இந்த விழுக்காடு இயல்பு. வெளியே வளைய வந்து ஜம்ப் ஷாட் எறியும் ஒரு ஃபார்வர்டு, அதாவது முன்கள வீரர், பதினைந்து ஆண்டுகள் சேர்த்து இந்த விழுக்காட்டை வைத்திருப்பது வேறு விஷயம்.

1983 டிசம்பர் 13 இரவு டென்வரில் நடந்த ஆட்டத்தை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். உங்கள் சாதனைப் புத்தகத்தில் அது இன்னும் முதல் வரியில் இருக்கிறது. டெட்ராய்ட் பிஸ்டன்ஸ் 186, டென்வர் 184. முழு நேர முடிவில் 145-145. மூன்று கூடுதல் நேரங்கள், 63 நிமிட ஆட்டம், மொத்தம் 370 புள்ளிகள். அதற்கு முன்பும் பின்பும் என்.பி.ஏ.வில் எந்த ஆட்டத்திலும் இவ்வளவு வந்ததில்லை. ஐசேயா தாமஸ் 47 எடுத்தார், ஜான் லாங் 41. டென்வர் பக்கம் வான்டவெகி 51, அலெக்ஸ் 47. இரண்டு அணிகளும் சேர்ந்து போட்ட மூன்று புள்ளிக் கூடைகள் இரண்டே இரண்டு என்பதையும் சேர்த்து நினைத்துப் பாருங்கள். இன்று ஒரு வீரர் காலாண்டுக்குள் எடுத்துவிடும் எண்ணிக்கை அது.

இனி உங்கள் பக்கத்து வாதங்களுக்கு வருகிறேன். அவற்றை நானும் பல இரவுகள் எனக்குள்ளேயே வாதிட்டுப் பார்த்திருக்கிறேன்.

முதல் வாதம், டென்வரின் வேகம். டக் மோ பயிற்சியளித்த அந்த அணி, வரைந்து வைத்த உத்திகளை நம்பாமல், ஓடிக்கொண்டே கைமாற்றும் ஆட்டத்தை நம்பியது. 1981-82இல் அவர்கள் சராசரியாக எடுத்தது 126.5 புள்ளிகள், லீகின் சாதனை. அந்த சீசனின் 82 ஆட்டங்களிலும் நூறைத் தொட்டார்கள். அதே ஆண்டு அவர்கள் எதிரணிக்குக் கொடுத்தது 126.0. ஆகவே அந்தப் புள்ளிகள் ஊதிப் பெருத்தவை என்று ஒரு பேச்சு அப்போதே இருந்தது, இன்றும் இருக்கிறது. இதில் உண்மை இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆட்டம் வேகமாகப் போனால் எறிய வாய்ப்பு அதிகம் கிடைக்கும். மெதுவான ஓர் அணியில் ஆடியிருந்தால் அலெக்ஸுக்கு 28க்குப் பதில் 24 வந்திருக்கலாம்.

ஆனால் வேகம் வாய்ப்பைத்தான் கொடுக்கும், பந்தை வளையத்துக்குள் போட்டுத் தராது. அந்த ஓட்டத்தில் மூச்சு வாங்கிக்கொண்டு, நான்காம் காலாண்டிலும் அதே உயரத்தில் இருந்து அதே எறிதலை எறிய வேண்டும். இருபத்தோராயிரம் எறிதல்களில் பாதிக்கு மேல் போடுவது வேகத்தின் கொடை என்று சொன்னால் நான் ஏற்க மாட்டேன். அதோடு, சீசன் முடிந்தபின் கோப்பைக்காக நடக்கும், ஆட்டம் இறுகிப்போகும் பிளேஆஃப் சுற்றுகளைப் பாருங்கள். மில்வாக்கியில் மாற்று வீரராக இருந்த காலத்து ஆட்டங்களையும் சேர்த்து 68 பிளேஆஃப் ஆட்டங்களில் அவருடைய சராசரி 24.4. வேகத்தால் மட்டுமே வாழ்ந்த ஆட்டக்காரர் என்றால் அங்கே சரிந்திருக்க வேண்டும்; அவர் சரியவில்லை. வேகத்தைக் குற்றமாகப் பார்த்தால் இன்னொரு கேள்வியும் எழும்: அறுபதுகளின் தொடக்கத்தில் லீக் முழுவதுமே தலைதெறிக்க ஓடியது. அந்தக் காலத்து நாயகர்களை யாரும் இந்தக் காரணத்தைச் சொல்லி வெளியே நிறுத்தவில்லை. நிறுத்தவும் கூடாது.

இரண்டாவது, கோப்பை. அலெக்ஸுக்குக் கோப்பை இல்லை, இறுதிப் போட்டியே இல்லை. எல்ஜின் பெய்லர், ஜார்ஜ் கெர்வின், பீட் மரவிச், சார்லஸ் பார்க்லி, கார்ல் மலோன், ஜான் ஸ்டாக்டன், பாட்ரிக் யூயிங் ஆகியோருக்கும் ஆட்டக்காரராக என்.பி.ஏ. கோப்பை இல்லை, அவர்கள் ஐம்பதுக்குள் சரியாகவே இருந்தார்கள். ஆகவே இந்த வாதத்தில் அதிகம் நிற்கவில்லை.

மூன்றாவது, அவர் ஒருமுறைகூட ஆண்டின் முதல் அணிக்கு, அதாவது அந்த ஆண்டின் சிறந்த ஐவராக அறிவிக்கப்படும் அணிக்குத் தேர்வாகவில்லை, மூன்று முறை இரண்டாம் அணிதான். இது கனமான வாதம், மறுக்கவில்லை. அந்த மூன்று ஆண்டுகளையும் எடுத்துப் பார்த்தேன். 1982இல் முதல் அணியின் இரண்டு ஃபார்வர்டுகள் லாரி பேர்டும் ஜூலியஸ் எர்விங்கும். 1983இலும் அவர்களே. 1986இல் பேர்டும் டொமினிக்கும். அவர் வாழ்க்கையின் உச்ச ஆண்டுகள் முழுவதும் அதே இடத்தில் பேர்ட் உட்கார்ந்திருந்தார். மீதமிருந்த ஒரே நாற்காலிக்கு எர்விங், பெர்னார்ட் கிங், டொமினிக், கெவின் மெக்ஹேல் என்று ஆள் மாறிக்கொண்டிருந்தது. அந்த வரிசையில் மூன்று முறை அடுத்தபடியாக வந்ததும், 1982 முதல் 1989 வரை தொடர்ந்து எட்டு முறை, நட்சத்திர வீரர்களைக் கொண்ட ஆல்-ஸ்டார் அணியில் இடம்பெற்றதும் எனக்குக் குறையாகத் தெரியவில்லை.

யாரும் வெளியே சொல்லாத நான்காவது காரணமும் இருக்கிறது என்று நினைக்கிறேன். அதுதான் உண்மைக் காரணமோ என்றும் அஞ்சுகிறேன். அந்தப் பத்தாண்டில் லீகின் கதை பாஸ்டன், லாஸ் ஏஞ்சலீஸ் என்ற இரு நகரங்களின் கதையாகச் சொல்லப்பட்டது. தேசியத் தொலைக்காட்சி அங்கேதான் போனது. டென்வர் மலையடிவாரத்தில் தனியாக ஓடிக்கொண்டிருந்தது. வாக்குச் சீட்டு கைக்கு வரும்போது ஒருவர் தன் மனத்தில் ஓடும் படங்களிலிருந்துதான் பெயர்களை எடுப்பார். அலெக்ஸின் படங்கள் அதில் குறைவு. டான்ட்லிக்கும் இதுதான் நேர்ந்தது, இரண்டு முறை புள்ளிப் பட்டம் வென்றும் அவரும் வெளியேதான் நிற்கிறார். அவருக்கு இன்னொரு மடல் எழுத வேண்டும். இப்போது பேச்சு அலெக்ஸைப் பற்றி.

1985 வசந்த காலத்தில் நடந்தது என் மனத்தை விட்டுப் போவதில்லை. அந்த சீசனில் டென்வர் 52 ஆட்டங்களை வென்றது. பிளேஆஃபில் சான் அன்டோனியோவைத் தாண்டி, யூட்டாவைத் தாண்டி, மேற்குப் பிரிவின் இறுதிக்கு வந்தது. எதிரே மேஜிக், கரீம், ஜேம்ஸ் வொர்தி இருந்த லேக்கர்ஸ். அலெக்ஸ் அந்த பிளேஆஃபில் 14 ஆட்டங்கள் ஆடி 30.2 சராசரி வைத்திருந்தார். நான்காவது ஆட்டத்தில் அவருடைய கட்டைவிரல் முறிந்தது. ஐந்தாவது ஆட்டத்துக்கு அவர் இல்லை. தொடர் முடிந்தது, லேக்கர்ஸ் அங்கிருந்து போய்க் கோப்பையையும் வென்றது. அலெக்ஸ் நலமாக இருந்திருந்தால் டென்வர் வென்றிருக்கும் என்று நான் சொல்லவில்லை. அந்த லேக்கர்ஸ் அணி மிக வலியது. ஆனால் பத்து ஆண்டுகளில் ஏழே ஆட்டங்களைத் தவறவிட்ட ஒரு மனிதரின் விரல், வாழ்க்கையின் மிகப் பெரிய தொடரில்தானா முறிய வேண்டும்? படிக்கும்போதெல்லாம் வயிறு கலங்குகிறது.

அதே ஆண்டின் தொடக்கத்தில் அவர் செய்த ஒன்றையும் சொல்லியாக வேண்டும். எத்தியோப்பியாவில் பஞ்சம் உயிர்களைக் குடித்துக்கொண்டிருந்த நேரம். ஆல்-ஸ்டார் ஆட்டத்துக்குக் கிடைக்கும் பணத்தைப் பஞ்ச நிவாரணத்துக்குக் கொடுப்போம் என்று சக வீரர்களிடம் பேசி இணங்கவைத்தவர்களில் முன்நின்றவர் அலெக்ஸ். 1988இல் சமூகப் பணிக்கான வால்டர் கென்னடி விருதை அவருக்கு நீங்களே கொடுத்தீர்கள். அதே ஆண்டு வீரர்கள் சங்கத்தின் தலைவராகவும் இருந்தார். கவிதைகள் எழுதி நூலாகவும் வெளியிட்டவர். இவையெல்லாம் பட்டியலுக்கு உரிய தகுதிகள் அல்ல என்பீர்கள். ஒப்புக்கொள்கிறேன். தகுதி களத்திலேயே இருக்கிறது. ஆனால் ஒரு லீக் யாரைத் தன் முகமாக உலகுக்குக் காட்ட விரும்புகிறது என்ற கேள்வி வரும்போது, இந்த முகத்தை மறைத்து வைப்பது உங்களுக்குத்தான் இழப்பு.

டென்வரை விட்டு 1990இல் வெளியேறி டல்லஸில் ஓர் ஆண்டு ஆடினார். சராசரி பத்துக்குக் கீழே வந்துவிட்டது. பிறகு இத்தாலியில் நேப்பிள்ஸ் அணிக்குச் சில மாதங்கள். 1992இல் டென்வர் அவருடைய இரண்டாம் எண் சட்டையை மேலே ஏற்றி, இனி யாருக்கும் அந்த எண் இல்லை என்று அறிவித்தது. உங்கள் ஐம்பது வெளிவந்த மறு ஆண்டே, 1997இல், நெய்ஸ்மித் புகழரங்கம் அவரைத் தன்னுள் சேர்த்துக்கொண்டது. ஆக அவருடைய ஊர் மறக்கவில்லை, புகழரங்கம் மறக்கவில்லை. மீதம் இருப்பது நீங்கள்.

நான் கேட்பது யாரையும் எடுத்துவிட்டு இவரை வையுங்கள் என்பதல்ல. பட்டியலில் இருப்பவர்கள் ஒவ்வொருவரும் வியர்வை சிந்தி வந்தவர்கள். ஒருவர் பெயரை அடித்து இன்னொருவர் பெயரை எழுதுவதில் எனக்கு மகிழ்ச்சி இல்லை. இடம் இல்லை என்று சொல்லாதீர்கள் என்பதுதான் என் வேண்டுகோள். 2021இல் எழுபத்தைந்து பேர் என்று அறிவித்தீர்கள், வாக்குகள் சமமானதால் எழுபத்தாறு பேர் வந்தார்கள். வானம் இடிந்து விழவில்லை. எண்ணை வளைக்கலாம் என்பதை நீங்களே காட்டிவிட்டீர்கள்.

எப்போது சேர்க்கலாம் என்பதற்கும் கல்லில் எழுதிய விதி ஒன்றும் இல்லை. இருபத்தைந்தாவது ஆண்டில் பத்துப் பேர் கொண்ட பட்டியல் போட்டீர்கள். ஐம்பதாவது ஆண்டு வரை காத்திருக்காமல் முப்பத்தைந்தாவது ஆண்டிலேயே பதினொரு பேரை அறிவித்தீர்கள். பிறகு ஐம்பது, பிறகு எழுபத்தைந்து. அடுத்தது நூறாவது ஆண்டுக்கு என்று நீங்கள் நினைத்திருந்தால், அது 2046. அந்த ஜனவரியில் அலெக்ஸுக்குத் தொண்ணூற்றிரண்டு வயது ஆகியிருக்கும். அவ்வளவு நாள் காத்திருக்கச் சொல்வது நியாயமா? விடுபட்டவர்களை மறுபடி எடுத்துப் பார்க்கும் ஒரு சிறு குழுவை இப்போதே அமையுங்கள். புகழரங்கத்தில் பழைய வீரர்களைத் தேடி எடுக்க மூத்தோர் குழு இருக்கிறதல்லவா, அதுபோல ஒன்று. அதில் உட்காருபவர்களுக்கு வாக்குச் சீட்டு கொடுப்பதற்கு முன்னால் டென்வரின் எண்பதுகளின் ஆட்டங்களில் ஒரு பத்தையாவது முழுதாகப் பார்க்க வையுங்கள். வெட்டி ஒட்டிய காட்சிகள் போதாது. தொடக்கம் முதல் கடைசி மணி வரை. அந்த ஆட்டங்களை எங்களுக்கும் திறந்துவிடுங்கள். ஆவணக் காப்பகத்தில் உறங்கும் ஒளிநாடாக்களால் யாருக்கும் பயன் இல்லை.

இன்னொன்று. 1997இல் அந்த ஐம்பது பேரில் நாற்பத்தேழு பேரை ஆல்-ஸ்டார் ஆட்டத்தின் இடைவேளையில் கிளீவ்லாந்து அரங்கில் ஒன்றாக நிறுத்தி, ஆளுக்கொரு மேலங்கி கொடுத்துக் கௌரவித்தீர்கள். 2022இல் எழுபத்தைந்தாவது ஆண்டுக்காரர்களையும் அதே கிளீவ்லாந்தில், அதே அரங்கில் நிறுத்தினீர்கள். மறுபடியும் மேலங்கிகள். அந்தக் காட்சியை நான் இரண்டு முறை பார்த்தேன். இரண்டாவது முறை பார்த்தபோது, தள்ளாடி நடந்து வந்த முதியவர்களைக் கண்டு கண் கலங்கினேன். கூடவே, வந்திருக்க வேண்டிய ஒருவரின் உயரத்தையும் அந்த வரிசையில் தேடிக்கொண்டிருந்தேன்.

ஆகவே, தையற்காரரிடம் இன்னும் ஒரு மேலங்கிக்குச் சொல்லிவிடுங்கள். தோள் சற்று ஒல்லியாக இருக்கட்டும். கை மட்டும் நீளமாக வேண்டும்.

இப்படிக்கு,
கூடைப்பந்தை நேசிக்கும் ஒரு தமிழ் வாசகர்